கணக்கில் முளைத்த பால்வீதி

2017 பிப்ரவரியில் நாசா ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. கும்ப விண்மீன் கூட்டத்தின் திசையில், பூமியிலிருந்து ஏறத்தாழ 40 ஒளியாண்டு தொலைவில், டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான குறுமீனைப் பூமியளவுள்ள ஏழு பாறைக் கிரகங்கள் சுற்றிவருகின்றன என்பதே அது. செய்தி வந்ததும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கும் ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் தன் விளையாட்டுக்குள் அதே பகுதியைத் தேடிப் பார்த்தது. அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. 39 ஒளியாண்டு தொலைவில் ஒரு பழுப்புக் குறுமீன், அதைச் சுற்றி ஏழு பாறைக் கிரகங்கள். எந்த வடிவமைப்பாளரும் அதைக் கையால் அங்கே வைக்கவில்லை. விளையாட்டு 2014-ல் வெளியானபோதே கணினிக் கணக்கு அதைப் போட்டு வைத்திருந்தது. நிறுவனம் அதைக் கொஞ்சம் திருத்தி, உண்மைப் பெயரைச் சூட்டிவிட்டது.

அந்த விளையாட்டின் பெயர் எலீட் டேஞ்சரஸ். அதில் முழுப் பால்வீதியும் உண்மையான அளவில் இருக்கிறது. 40,000 கோடி விண்மீன்கள். ஆளுக்கொரு கப்பல். பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் புதுப்பிக்கப்பட்டு வரும் இந்த விளையாட்டுக்கு முடிவென்று ஒன்றில்லை. சண்டை போடலாம், சரக்கு ஏற்றலாம், கொள்ளையடிக்கலாம், எதுவும் செய்யாமல் ஊர் சுற்றலாம். ஊர் சுற்றக் கிளம்பியவர்களின் அனுபவங்கள்தான் என்னை ஈர்ப்பவை. வானியல் புத்தகத்தில் பூஜ்யங்களாகக் கிடக்கும் தூரம் அவர்களுக்கு வாழ்ந்து கழித்த நேரமாக மாறியிருக்கிறது.

முதலில், இவ்வளவு பெரிய பால்வீதியை ஒரு கணினிக்குள் எப்படி அடைத்தார்கள்? அடைக்கவே இல்லை என்பதுதான் பதில். இதன் வேர் 1984-ல் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எலீட் என்ற விண்வெளி விளையாட்டை பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதினார்கள். அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல நூறு மடங்கு இடம் வேண்டும். அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 விண்மீன்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், இருப்பிடம், ஆட்சிமுறை, சந்தை விலை எல்லாம் வேண்டும். சேமித்து வைக்க இடமே இல்லை.

அவர்கள் மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூன்றையும் கூட்டினால் அடுத்த எண் வரும். பழையதில் ஒன்றைத் தள்ளிவிட்டு மறுபடி கூட்டினால் அதற்கடுத்தது. இப்படிப் பிறக்கும் எண்களின் துண்டுகளிலிருந்தே விண்மீனின் இடத்தையும் பெயரையும் பொருளாதாரத்தையும் எடுத்தார்கள். பார்வைக்குத் தாறுமாறாக இருக்கும் எண்வரிசை. ஆனால் தொடக்க எண்கள் மாறாதவரை ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அதே வரிசைதான் வரும். ஒரே புள்ளிக் கணக்கில், ஒரே நெளிவு விதியில் இழுத்தால் எந்த ஊர் வாசலிலும் அதே கோலம் விழுவதைப் போல. கோலத்தைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. புள்ளிக் கணக்கு போதும்.

இந்த முறையில் கோடி கோடிக் கணக்கான விண்மீன் மண்டலங்களைத் தர முடியும் என்று இருவரும் கண்டார்கள். அத்தனையைக் கொடுத்தால் எல்லாம் எண் விளையாட்டு என்று ஆட்களுக்குத் தெரிந்துபோகும் என்று பதிப்பாளர் அஞ்சியதால் எட்டோடு நிறுத்தினார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். வெறும் எண்ணால் ஆன பிரபஞ்சம் சீக்கிரமே சலித்துப்போகும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கி 15 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்து பிரேபன் எலீட் டேஞ்சரஸை உருவாக்கியபோது, எண்ணோடு இயற்பியலும் சேர்ந்துகொண்டது.

விண்மீன்களை உருவாக்கும் அந்த நிரலுக்கு ஸ்டெல்லர் ஃபோர்ஜ் என்று பெயர். விண்மீன் உலைக்களம் என்று சொல்லலாம். அது வேலையைத் தொடங்குவது நிறையிலிருந்து. பால்வீதியின் இந்தப் பகுதியில் இவ்வளவு பொருள் இருக்க வேண்டும், அதன் வயது இவ்வளவு, அதில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறது. ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்தவை உட்பட, வானியலாளர்கள் பட்டியலிட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உண்மை விண்மீன்களை அவற்றுக்குரிய இடத்தில் வைக்கிறது. மீதமிருக்கும் நிறையைக் கணக்குப்படி விண்மீன்களாகப் பிரிக்கிறது. மிச்சத் தூசியும் வாயுவும் எந்தத் தூரத்தில் உறையும், எங்கே பாறைக் கோள் திரளும், எங்கே வாயுக் கோள் பருக்கும், எந்த நிலவு தாய்க்கோளின் இழுப்பில் ஒரே முகம் காட்டிச் சுற்றும் என்பதையெல்லாம் விதிகளின்படி தீர்க்கிறது. ஒருவர் அந்த விண்மீனுக்குப் போய்ச் சேரும்போதுதான் இந்தக் கணக்கு அவருடைய கணினியில் ஓடுகிறது. உலகின் வேறொரு மூலையிலிருந்து இன்னொருவர் போனாலும் அதே கிரகம், அதே பள்ளம், அதே வளையம்.

டிராப்பிஸ்ட் குடும்பத்தைப் போன்ற ஒன்று முன்கூட்டியே அங்கே இருந்ததற்குக் காரணம் இதுதான். நம் அக்கம்பக்கத்தில் அறியப்பட்ட விண்மீன்களின் நிறையைக் கூட்டினால் கொஞ்சம் குறைகிறது. மங்கிய குறுமீன்கள் நம் கண்ணுக்குத் தப்பியிருக்க வேண்டும். உலைக்களம் அந்தக் குறையை நிரப்பியது. நிரப்பிய இடமும் கிரகங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போனதில் தற்செயலுக்குப் பெரிய பங்குண்டு. அப்படி ஒன்று அந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்பதில் தற்செயல் குறைவு.

எனவே இந்தப் பால்வீதியை உருவாக்கியவர்களே அதைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. நிமிடத்துக்கு ஒரு விண்மீன் என்று உறங்காமல் ஒருவர் போய்க்கொண்டே இருந்தால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏழரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். லட்சக்கணக்கானவர்கள் இத்தனை ஆண்டுகள் சுற்றியும் அதில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. யாரும் போகாத விண்மீனுக்கு முதலில் சென்று, தகவலை நிலையத்தில் ஒப்படைப்பவரின் பெயர் அங்கே நிலையாகப் பொறிக்கப்படுகிறது. பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கிரகத்தின் மீது அதுவரை எந்த மனிதக் கண்ணும் பட்டதில்லை என்பது வெறும் பாவனை இல்லையே.

அனுபவமுள்ள பயணிகள் விண்மீனின் பெயரையே வரைபடம் போலப் படிக்கிறார்கள். ‘ஈயோல் ப்ரூ ஆர்எஸ்-டி டி3-94’ என்று ஒரு பெயர். ஈயோல் ப்ரூ என்பது 1,280 ஒளியாண்டுப் பக்கமுள்ள ஒரு பெருங்கனசதுரம். அடுத்து வரும் எழுத்துகள் அதற்குள் ஒரு சிறு கனசதுரத்தைக் காட்டுகின்றன. எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் ஆங்கிலச் சிற்றெழுத்து அந்தச் சிறு கனசதுரத்தின் அளவையும், அங்கே உருவான குடும்பத்தின் நிறை வரம்பையும் சொல்கிறது. ‘ஏ’ என்றால் பத்து ஒளியாண்டுப் பெட்டி, மெலிந்த குறுமீன்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டியின் பக்கம் இரட்டிக்கும். ‘எச்’ வரை போனால் ராட்சத விண்மீன்களும் கருந்துளைகளும். இது நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் இருந்து வந்த அறிவாக இல்லாமல், விளையாடுகிறவர்கள் ஆயிரக்கணக்கான பெயர்களை ஒப்பிட்டுக் கண்டெடுத்ததாக வளர்ந்தது. கருந்துளை தேடுகிறவர் எங்கே போக வேண்டும் என்பதை அவர்கள் இப்போது பெயரிலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

இனி தூரத்துக்கு வருகிறேன்.

விளையாட்டில் கப்பல்கள் இரு விதமாகப் பயணிக்கின்றன. விண்மீன் விட்டு விண்மீனுக்கு ஒரே தாவல். ஒரு விண்மீனின் எல்லைக்குள் வந்தபின், ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் தொடர்ச்சியான ஓட்டம். சாதாரண இயந்திரத்தில் அதன் உச்சம் ஒளியின் 2,001 மடங்கு. இவை இரண்டும் கற்பனை. இன்றைய இயற்பியலில் இடமில்லாதவை. ஆனால் கற்பனை வேகத்தை வைத்து உண்மைத் தூரத்தைக் கடக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள குடும்பம் ஆல்ஃபா சென்டாரி, 4.4 ஒளியாண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆசையோடு முதலில் போகும் இடங்களில் ஒன்று. தாவினால் நொடிகளில் முதன்மை விண்மீன் முன்னால் நிற்கலாம். அங்கே ஹட்டன் ஆர்பிட்டல் என்று ஒரு நிலையம் இருப்பதாகப் பட்டியல் காட்டும். அங்கே போனால் பெரிய கப்பல் ஒன்று இலவசமாகக் கிடைக்கும் என்று மூத்தவர்கள் புதியவர்களிடம் கதைவிடுவார்கள். நம்பிக் கிளம்பியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நேர்கோட்டில் பறந்துகொண்டே இருப்பார்.

காரணம் உண்மையான வானியல். அந்த நிலையம் சுற்றுவது பிராக்சிமா சென்டாரியின் பக்கத்தில். பிராக்சிமா அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் மற்ற இரு விண்மீன்களிலிருந்து 0.2 ஒளியாண்டுக்கு மேல் விலகியிருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல 13,000 மடங்கு. ஒளி அதைக் கடக்க ஏறத்தாழ 80 நாள் ஆகும். அந்த 80 நாளை 2,001-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம். வேகம் பிடிப்பதற்கும் குறைப்பதற்கும் ஆகும் நேரம் தனி. ‘மூவிண்மீன் குடும்பம்’ என்று பாடநூலில் ஒரு வரியில் படித்துக் கடந்ததை, ஒரு மணி நேரம் வெறும் இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து பலர் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பயணத்தைக் கொண்டாடி ஹட்டன் லாரிக்காரர்கள் என்ற பெயரில் ஒரு குழுவே உருவானது. 2024-ல் வந்த புதிய வகை இயந்திரங்கள் இந்த நேரத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. வசதிதான். ஆனாலும் ஒரு நல்ல பாடம் சுருங்கிப் போயிற்று என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சூரியக் குடும்பத்துக்குள்ளும் இதே அனுபவம் ஒன்று உண்டு. விளையாட்டின் நாள்காட்டி நம்மைவிட 1,286 ஆண்டு முன்னால் ஓடுகிறது. 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதே வேகத்தில் 34-ஆம் நூற்றாண்டில் எங்கே இருக்கும்? ஆண்டுக்குச் சுமார் 3.6 வானியல் அலகு என்று கணக்கிட்டால், சூரியனிலிருந்து ஒளி 27 நாள் செல்லும் தூரத்தில். விளையாட்டில் அந்த இடத்தில் வாயேஜர் இருக்கிறது. கிரகமும் நிலவும் எதுவும் துணையில்லாத வெளியில் திசை பார்த்துப் போய், அந்தச் சிறு அலைவாங்கிக் கிண்ணத்தின் அருகே கப்பலை நிறுத்திவிட்டு வருவது பயணிகளிடையே ஒரு யாத்திரை போல ஆகிவிட்டது. அதில் பொருத்தப்பட்ட தங்கத் தட்டில் 55 மொழி வாழ்த்துகள் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் போயின, தமிழ் போகவில்லை. 1,300 ஆண்டுக்கு மேல் ஓடியும் அது அடுத்த விண்மீனுக்கான தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடக் கடந்திருக்காது. இதை எழுத்தில் படிப்பதற்கும், அங்கே போய்த் திரும்பி, சூரியன் வெறும் பிரகாசமான புள்ளியாக நிற்பதைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அந்தப் புள்ளியும் நெடுந்தூரம் கூட வருவதில்லை. சூரியன் நடுத்தர ஒளி உடையது. இருளான வானில் கூர்மையான கண்ணுக்கு அது தெரிவது சுமார் 60 ஒளியாண்டு வரைதான். நன்றாகச் செப்பனிட்ட கப்பலுக்கு அது ஒரு தாவல். ஒரே ஒரு தாவலில் வீட்டு விளக்கு அணைந்துவிடுகிறது! இரவு வானில் நமக்குத் தெரியும் பெரும் விளக்குகளில் பெரும்பாலானவை சூரியனைவிடப் பன்மடங்கு ஒளிர்பவை. திருவாதிரையும் கேட்டையும் நூற்றுக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தே நம் கண்ணை எட்டுகின்றன. திருவாதிரை இருக்கும் திசையில் பயணம் செய்தால் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் உருவம் மெல்லக் கலைந்துபோகும். அதிலுள்ள விண்மீன்கள் ஒரே தளத்தில் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூறு ஒளியாண்டு ஆழத்தில் சிதறிக் கிடக்கின்றன. கார்த்திகைக் கூட்டம் மட்டும் கலையாது. 440 ஒளியாண்டு கடந்து போனாலும் அங்கே அவை உண்மையிலேயே ஒன்றாகத்தான் நிற்கின்றன. ஒரே மேகத்தில் பிறந்த உடன்பிறப்புகள். 2017 ஜனவரியில் தார்காய்டுகள் என்ற வேற்றுயிர்களின் கப்பலை இந்த விளையாட்டில் ஒருவர் முதன்முதலாக எதிர்கொண்டது அந்தப் பக்கத்தில்தான். அதன்பின் அவற்றோடு நடந்த நீண்ட போர் தனிக் கதை. 2024 டிசம்பரில் அது சூரியக் குடும்பம்வரை வந்தது.

நெடும்பயணத்துக்கு எரிபொருள் வேண்டும். கப்பல் எரிப்பது ஹைட்ரஜன். அதை விண்மீனின் மேலடுக்கிலிருந்தே கப்பல் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் எல்லா விண்மீனிலும் முடியாது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் நூறாண்டுக்கு முன் லட்சக்கணக்கான நிறமாலைகளைப் பார்த்து வரிசைப்படுத்திய ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகைகளில்தான் எரிபொருள் கிடைக்கும். நீலமாய்க் கொதிப்பது ஓ, சிவந்து குளிர்ந்தது எம், நம் சூரியன் ஜி. வானியல் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்த வரிசையை, வானியலோடு தொடர்பே இல்லாத ஓட்டுநர்களும் எழுத்தர்களும் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். மறந்தால் நடுவழியில் நிற்க வேண்டும். எல், டி, ஒய் வகைப் பழுப்புக் குறுமீன்களில் உறிஞ்ச முடியாது. சூரியனின் நிறையில் நூற்றில் எட்டுப் பங்குகூடத் தேறாமல், உள்ளே ஹைட்ரஜன் இணைவு நிலைக்காமல், பிறந்ததிலிருந்து குளிர்ந்துகொண்டே இருப்பவை அவை. (உண்மையில் அவற்றிலும் ஹைட்ரஜன்தான் நிறைந்திருக்கிறது, உறிஞ்ச முடியாது என்பது விளையாட்டு வகுத்த விதி.) பால்வீதியின் விண்மீன்களில் முக்கால்வாசி எம் வகை என்பதால் பொதுவாகப் பஞ்சமில்லை. பழுப்புக் குறுமீன்கள் தொடராக வரும் பகுதியில் கவனமில்லாமல் தாவித் தாவிப் போனால் கலம் வற்றிவிடும்.

வேகமாகப் போக நினைப்பவர்கள் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுகிறார்கள். அதன் துருவங்களிலிருந்து பீறிடும் கற்றைக்குள் கப்பலைச் செலுத்தினால் அடுத்த தாவல் நான்கு மடங்கு நீளும். கப்பல் குலுங்கும், திசைமாற்றி கைக்கு அடங்காது, தவறினால் கப்பலே போகும். வெண் குறுமீனின் கற்றை ஒன்றரை மடங்குதான் தரும். உந்து சக்தி கிடைப்பது கற்பனை. இந்த இரு வகைப் பிணங்களுக்கும் நடுவில் இருக்கும் கோடு உண்மை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தக் கடல்வழியில் போட்ட கணக்கு அது. எரிந்து முடிந்த விண்மீனின் கரு, சூரியனைப்போல 1.4 மடங்குக்குள் இருந்தால் வெண் குறுமீனாக நிலைக்கும். மிஞ்சினால் தாங்காது, மேலும் நொறுங்கும். நொறுங்கியது இருபது கிலோமீட்டர் அகல நியூட்ரான் விண்மீனாகிச் சுழல்கிறது. இதுவரை அளந்ததில் மிக வேகமானது நொடிக்கு 716 முறை சுழல்கிறது. பால்வீதி மையத்தை நோக்கி இப்படிப்பட்ட விண்மீன்களைக் கோத்து ஒரு நெடுஞ்சாலை போலப் பயணிகள் வகுத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் போகும் ஒவ்வொருவரும், பெயர் தெரியாமலேயே, சந்திரசேகரின் எல்லைக்கு இந்தப் புறமா அந்தப் புறமா என்று பார்த்துத்தான் போகிறார்கள்.

மையத்தில் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார். சூரியனைப்போல 40 லட்சம் மடங்குக்கு மேல் நிறையுள்ள கருந்துளை, சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில். தாவலுக்கு 50 ஒளியாண்டு என்றால் ஐந்நூறுக்கு மேற்பட்ட தாவல்கள். பல மாலைகளைச் செலவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவருக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒளிரும் வளையமெல்லாம் விளையாட்டில் இல்லை. கப்பல் மெல்ல நகரும்போது பின்னாலுள்ள விண்மீன்கள் ஓரிடத்தில் மட்டும் வளைந்து, இழுபட்டு, வட்டமாக வழுக்கிச் செல்லும். ஈர்ப்பு ஒளியை வளைக்கிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தான்; அந்த வழுக்கல் ஒன்றை வைத்தே கருந்துளை ‘இதோ இங்கே இருக்கிறது’ என்று கண்டுகொள்ள வேண்டும். வந்த வழி முழுதும் திரும்பிப் போகவும் வேண்டும்.

எரிபொருள் தீர்ந்தவரின் கதை இங்கேதான் முக்கியமாகிறது. கப்பலின் உயிர்காப்பு அமைப்பு நின்றால் ஐந்து நிமிடத்திலிருந்து 25 நிமிடம் வரை அவசர ஆக்சிஜன் இருக்கும். எவ்வளவு என்பது பொருத்தியிருக்கும் கருவியின் தரத்தைப் பொறுத்தது. பிறகு கப்பல் போய்விடும். ஒப்படைக்காத கண்டுபிடிப்புகள் அனைத்தும் போய்விடும். மாதக்கணக்கில் சேர்த்தது. நிறுவனம் இதற்குத் தீர்வு எதுவும் வைக்கவில்லை. விளையாடுகிறவர்களே 2015-ல் ஃபியூவல் ராட்ஸ் என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். யாராவது நடுவெளியில் தவித்து உதவி கேட்டால், முறை வைத்து விழித்திருக்கும் ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி ஆக்சிஜன் ஓடுகிறதா என்பது. ஓடினால் உடனே விளையாட்டிலிருந்து வெளியேறச் சொல்வார், கடிகாரம் நிற்கும். அதன்பின் பக்கத்திலிருக்கும் கப்பல் எது என்று பார்த்து அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தவர் ஓர் அடையாள ஒளியைப் பிடித்து அருகே இறங்கி, சிறு தானியங்கிக் கலங்களை அனுப்பி எரிபொருள் ஊட்டுவார். காசு வாங்குவதில்லை. திட்டுவதுமில்லை, எப்படித் தவறு நேர்ந்தது, அடுத்த முறை வழியை எப்படி வடிகட்டுவது என்று சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்புகள் நடந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் தவித்த ஒருவருக்காக முன்பின் தெரியாதவர்கள் நாள்கணக்கில் பயணம் செய்து போனதும் உண்டு.

தூரம் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் குழு பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தி எங்கும் போக முடிகிற விளையாட்டில் தவிப்பவருக்கு என்ன மதிப்பு? அங்கே போய்ச் சேரத் தன் மாலைப்பொழுதைக் கொடுக்க வேண்டும் என்பதால்தான் அந்த உதவிக்கு எடை கூடுகிறது.

இதைவிடப் பெரிய அளவில் ஒன்று 2016-ல் நடந்தது. விளையாட்டில் ஜாக் என்ற பாதி இயந்திர மனிதன் மதுக்கடை நடத்தும் நிலையம் ஒன்று உண்டு. பால்வீதியின் மறுகோடியிலுள்ள பீகிள் பாயின்ட்டுக்கு நிலையத்தோடு தாவப்போவதாக அறிவிப்பு வந்தது. எரிபொருளைச் சுமந்து கொண்டுவந்து கொடுத்தவர்கள் விளையாடுகிறவர்கள். நிலையம் தாவியது, போய்ச் சேரவில்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வாரக்கணக்கில் பலர் தேடினார்கள். கடைசியில் 22,000 ஒளியாண்டு தொலைவில், சேதமடைந்து கிடந்த அதை ஒரு பயணி கண்டுபிடித்தார். மேலே பெயர் படித்தோமே, ஈயோல் ப்ரூ ஆர்எஸ்-டி டி3-94, அந்த விண்மீனில். அறிவிப்பு பரவியதும் மருந்தும் உணவும் உதிரிப்பாகங்களும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிளம்பின. சரக்குக் கப்பலுக்குத் தாவல் தூரம் குறைவு; அந்தப் பயணம் பல நாள் பிடிக்கும். போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று அந்த விண்மீனின் பெயர் கொலோனியா. சுற்றிலும் பல விண்மீன்களில் குடியிருப்புகள், தாயகத்திலிருந்து அங்கே வரை வழிநெடுக நிலையங்கள். கதையை எழுதியது நிறுவனம்தான் என்றாலும் குடியேற்றத்தைச் சுமந்தது மனிதர்கள்.

பீகிள் பாயின்ட் சூரியனிலிருந்து 65,279 ஒளியாண்டு. டார்வின் பயணம் செய்த கப்பலின் பெயர் அதற்கு. 2016 ஜனவரியில் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூட்டாகக் கிளம்பி அங்கே போனார்கள். 2019-ல் இரண்டாம் பயணத்துக்குப் பதிவு செய்தவர்கள் 13,000-க்கும் மேல். அவர்கள் போகிற வழியில், மையக் கருந்துளைக்கு அருகே, தாது வெட்டிக் குவித்து ஒரு விண்வெளி நிலையம் எழக் காரணமானார்கள். எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் என்ற பெயரில் இன்றும் அது அங்கே இருக்கிறது. பால்வீதியின் விளிம்பு நெருங்க நெருங்க விண்மீன்கள் அருகிப்போகும். அடுத்தது எட்டாத் தூரத்தில் நிற்கும். அப்போது கிரகத்தில் இறங்கி, ஊர்தியில் பாறை பாறையாகத் தேடி, பொலோனியம் போன்ற அரிய தனிமங்களைச் சேர்த்துத் தாவலை நீட்டிக்க வேண்டும். விளிம்பில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பால்வீதி முழுதும் ஒளிப்பட்டையாகக் கிடக்கும். மறுபக்கம் எதுவும் இல்லை. அங்கே போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த இல்லாத பக்கத்தைப் பற்றித்தான்.

குறைகளும் உண்டு. கிரகப் பரப்புகள் சில ஆயிரம் தாவலுக்குப் பிறகு ஒன்றுபோல் தோன்றத் தொடங்கும். பதிப்பாளர் 1984-ல் அஞ்சியது இன்னும் முற்றிலும் பொய்யாகவில்லை. கால்நடையாகக் கிரகங்களில் இறங்க வழிசெய்த 2021-ஆம் ஆண்டு விரிவாக்கம் கோளாறுகளோடு வெளிவந்து பலரைக் கசப்படையச் செய்தது. பிரேபனே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இருந்தும் ஆட்கள் மிஞ்சினார்கள். 2025-ல், ஆளில்லா விண்மீன்களை உரிமை கோரி, பொருள் சுமந்து நிலையம் கட்டிக் குடியேறும் வசதியும் வந்தது.

2020-ல் பெருங்கப்பல்களைச் சொந்தமாக வாங்கும் வசதி வந்தபோது பயணிகள் செய்தது என்னவென்றால், தொலைதூரத்துக்கான உதவி அணி ஒன்றை அமைத்து, அந்தக் கப்பல்களைப் பால்வீதி முழுதும் பரப்பி நிறுத்தியது. ஒரு தாவலுக்கு 500 ஒளியாண்டு போகும் அவை ட்ரிட்டியம் எரிப்பவை. அந்த ட்ரிட்டியத்தை வாங்க வேண்டும், அல்லது வெட்டி எடுக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் பழுது பார்க்கலாம், கண்டுபிடிப்புத் தகவல்களை ஒப்படைக்கலாம், கப்பல் உடைந்தவர் வீடு வரை போய் விழாமல் அங்கேயே எழலாம். ஒவ்வொரு வாரமும் பராமரிப்புச் செலவு கப்பலின் கணக்கிலிருந்து கழியும். பணம் தீர்ந்து கடன் சேர்ந்துகொண்டே போனால் கப்பல் கலைக்கப்படும். ஆகவே அணியில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கான செலவுக்கு முன்கூட்டியே பணம் ஈட்டிக் கப்பலில் போட்டுவிட்டு, பல்லாயிரம் ஒளியாண்டு போய், யார் எப்போது வருவார்கள் என்று தெரியாத ஒரு விண்மீனருகே அதை நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் விளையாட்டை விட்டுப் போன பின்னும், கணக்கில் பணம் இருக்கும்வரை, அந்தக் கப்பல்களில் வந்து பழுது பார்த்துக்கொண்டு போகிறார்கள் பயணிகள்.